சென்னையில் பழம்பொருள் வாங்க எங்கே போகலாம்? ஏமாறாமல் பேரம் பேசுவது எப்படி?

நீங்கள் கேட்கும் தோரணையைப் பார்த்தால், ஏதோ குளிரூட்டிய கடையில் பித்தளைச் செம்பு ஒன்றின் விலைச்சீட்டைப் பார்த்து மிரண்டு வந்தவர் போலிருக்கிறது.

பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. வண்டி உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை. மற்ற எதுவானாலும் மூர் மார்க்கெட் என்பார் என் அப்பா. 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதத்தில் எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நான் இசைத்தட்டு பொறுக்கியது அங்கேதான்.

ஒருமுறை கடைக்கார பாய் ஒரு நாகசுரத் தட்டை எடுத்துக் கொடுத்து, "கண்ணாடி மாதிரி இருக்கிறது சார், ஐந்நூறு கொடுங்கள்" என்றார். பதில் பேசாமல் வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு, பெரும்பாலும் அரக்குக் கலவை, வளையாது, உடையும். விளிம்பிலிருந்து மயிரிழையாய் ஒரு விரிசல் உள்நோக்கி ஓடியது. கண்ணுக்குத் தப்பினாலும் நகத்தில் தட்டும். "பாய், இங்கே நகத்தை வையுங்கள்" என்றேன். வைத்தார், சிரித்துவிட்டார். நூற்றைம்பதுக்கு அதைக் கொடுத்ததோடு, பலகைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியையும் இழுத்தார். நல்ல சரக்கெல்லாம் அதற்குள் இருந்தது. ஆள் விவரம் தெரிந்தவன் என்று பட்டால்தான் அந்தப் பெட்டி வெளியே வரும்.

ஏழை வியாபாரியிடம் பேரமா என்று சிலர் கிளம்புவார்கள். விரிசலுக்கு விலை குறைப்பது பேரமே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்தவற்றுக்கு அவர் சொன்ன விலையைத்தான் கொடுத்தேன். இன்னொன்று, எல்பி என்னும் நீண்டநேரத் தட்டுக்கான ஊசியை 78 தட்டில் வைக்காதீர்கள். இதன் பள்ளம் அகலம், தடித்த ஊசி வேண்டும்.

வாங்கிவிடலாம், வைக்கத்தான் இடமில்லை. என் தட்டுப் பெட்டியை வராந்தாவில் இரண்டு நாள் வைத்ததற்கு, பொதுவழியில் ஆக்கிரமிப்பு என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. கையெழுத்துப் போட்ட செயலாளர் வீட்டு வாசலில் மூன்றடுக்குச் செருப்பு அலமாரி வருடக்கணக்காக நிற்கிறது. கேட்டால் அது "தற்காலிக ஏற்பாடு" என்கிறார்.