மாடித் தோட்டத்துப் புழுவுக்கு பாக்டீரியா மருந்து அடிக்கலாமா, அந்தக் காயைச் சாப்பிடலாமா?

அடிக்கலாம், சாப்பிடலாம். பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் நான்கு வருடமாக அடிக்கிறேன். முதல்முறை பொட்டலத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டது: “காசு குடுத்து கிருமி வாங்கிட்டு வந்தியாடா?”

கிருமிதான். பெயர் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், கடையில் பி.டி. என்றால் தெரியும். 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் செத்துச் செத்து விழுந்தபோது அங்கேதான் இதை முதலில் பிடித்தார்கள். மேலே பட்டதும் கொல்கிற மருந்து இல்லை இது, புழு தின்றால்தான் வேலை செய்யும். பாக்டீரியாவுக்குள் இருக்கும் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ள நம் குடலில் இடமும் கிடையாது. என்றாலும் காயைக் கழுவித்தான் சமைக்கிறோம்.

போன தை மாதம் காலிஃபிளவரில் பச்சைப் புழு. சாயங்காலம் அடித்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் உயிரோடு இருக்கிறது, கடைக்காரரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், இலையில் புது ஓட்டை ஒன்றுகூட இல்லை, கடுகு கடுகாக விழும் எச்சமும் இல்லை. தின்பதை நிறுத்திவிட்டிருந்தன. மூன்றாம் நாள் கறுத்து, தொளதொளவென்று இலையில் தொங்கின.

வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும், அதுவும் நம்ம சென்னை வெயில், அதனால் பொழுது சாய்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடியுங்கள், மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், பெருத்துவிட்டால் லேசில் சாகாது. மாவுப்பூச்சி, அசுவினிக்கு வாங்கிவிடாதீர்கள், அவை இலையைக் கடிக்காமல் சாற்றை உறிஞ்சுபவை, வேப்பெண்ணெய்தான் சரி. கத்திரிக்காய்க்குள் போய்விட்ட புழுவுக்கும் இது எட்டாது. கொசுப்புழுவுக்கு இதன் பங்காளி வகை ஒன்று உண்டு, 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. அதைச் செடிக்கு அடித்துப் பிரயோசனம் இல்லை, பார்த்து வாங்குங்கள்.

கறிவேப்பிலைக்கு மட்டும் நான் அடிப்பதில்லை. அங்கே வரும் பச்சைப் புழு பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியாகிற புழு, பி.டி.க்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அம்மா கண்ணில் படுவதற்குள் பக்கத்து எலுமிச்சைத் தொட்டிக்கு மாற்றிவிடுவேன், அந்த இலையையும் அது தின்னும்.