தாமஸ் கதைகளில் வரும் குட்டி ரயில்பாதை நிஜத்தில் இருக்கிறதா?

“என் பையன் தாமஸ் கார்ட்டூன் பைத்தியம். அதில் வரும் ஸ்கார்லோயி, ரெனியஸ் என்ற குட்டி இன்ஜின்கள் உண்மையா என்று தினமும் கேட்கிறான். என்ன சொல்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான் என்று தைரியமாகச் சொல்லுங்கள். இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில், கடலோரமாக டவின் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கிருந்து மலைக்குள் போகும் டாலிஹ்லின் ரயில்பாதைதான் ஸ்கார்லோயியின் வீடு. (இந்தப் பெயரின் ஆங்கில எழுத்தில் வரும் இரட்டை ‘எல்’லை வேல்ஸ் மொழியில் நாக்கின் ஓரத்தில் காற்றை விட்டுச் சொல்ல வேண்டும். ழகரம் பழகிய நாக்குக்கும் அது சுலபத்தில் வராது.) இன்ஜின்கள் மட்டுமல்ல, கதையில் நடக்கும் தகராறுகளில் பல அங்கே நிஜமாக நடந்தவை. நான் சொல்ல வந்தது முக்கியமாக அதைத்தான்.

நாங்கள் பர்மிங்காமில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயதானபோது கூட்டிப் போனேன். பர்மிங்காமிலிருந்தே டவினுக்கு ரயிலில் போய்விடலாம். பெரிய ரயிலிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் குட்டி ரயிலின் நிலையம். தண்டவாளத்தின் அகலம் 2 அடி 3 அங்குலம்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் மகள் எதிர்ப்பக்கக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. எந்தப் பெட்டியிலும் அந்தப் பக்கக் கதவு திறக்காது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் இருந்த துணி ஆலைகளுக்குப் பஞ்சு வருவது நின்றுபோனது. கையில் பணம் வைத்திருந்த ஆலை முதலாளிகள் சிலர் வேறு தொழில் தேடி, ப்ரின் எக்லுவிஸ் என்ற சிலேட்டுக் கல் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வீட்டுக் கூரைக்குப் போடும் கல் அது. அதை மலையிலிருந்து இறக்கப் போட்டதுதான் இந்தப் பாதை. பயணிகளையும் ஏற்றலாம் என்று அரசாங்க ஆய்வாளரை வரவழைத்தார்கள். அவர் வந்து அளந்தால், பாலங்களுக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை. பாலத்தை இடித்துக் கட்டப் பெரும் செலவாகும். அதனால் பாலத்தடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டு, மறுபக்கத்தில் தேவையான இடத்தை உண்டாக்கினார்கள். சுவரை ஒட்டிய பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். 1866இல் எடுத்த முடிவு, என் மகள் தள்ளியபோதும் அசையவில்லை.

சரி, இன்ஜின்களுக்கு வருகிறேன். முதல் இன்ஜின் ‘டாலிஹ்லின்’, 1864இல் செய்தது. கதையில் அதுதான் ஸ்கார்லோயி. இரண்டாவது 1866இல் செய்த ‘டோல்கோக்’, அது ரெனியஸ். எண்பது வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டை வைத்தே பாதை ஓடியது. 1911இல் இதை வாங்கியவர் அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஹேடன் ஜோன்ஸ். 1946 கடைசியில் குவாரி இடிந்து மூடப்பட்டது. சம்பாதித்துக் கொடுக்கச் சரக்கு இல்லாமல் போனபிறகும், “நான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும்” என்ற வாக்கை அவர் காப்பாற்றினார். 1950 ஜூலையில் இறந்துபோனார். அந்தக் கடைசி வருடங்களில் டாலிஹ்லின் ஓடும் நிலையிலேயே இல்லை. வயதான டோல்கோக் தனி ஆளாகப் பாதையைத் தாங்கியது. கதையில் ரெனியஸ் படும் பாட்டைப் படிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் 1950 அக்டோபரில் பர்மிங்காமில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். எழுபது பேர் போல வந்தார்கள். சம்பளம் வாங்காமல் நாமே ஓட்டுவோம் என்று முடிவெடுத்து, 1951 மே மாதம் முதல் வண்டியை எடுத்தும் விட்டார்கள். தன்னார்வலர்கள் ஒரு ரயில்பாதையைக் காப்பாற்றி ஓட்டியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பக்கத்தில் மூடப்பட்டிருந்த காரிஸ் பாதையின் இரண்டு இன்ஜின்களை, ஒன்று 25 பவுண்டு விலையில் வாங்கினார்கள். அவைதான் கதையில் வரும் சர் ஹேண்டலும் பீட்டர் சாமும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. சர் ஹேண்டலின் அசல் இன்ஜின் இங்கே வந்ததும் அடிக்கடி தடம் புரண்டது. அளந்து பார்த்தால், பாதை சொன்ன அகலத்தைவிட அரை அங்குலம் போல அதிகம். டோல்கோக்கின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தூரம் அதிகம் என்பதால், வளைவில் சிக்காமல் திரும்ப வேண்டுமென்று பழைய கம்பெனி வேண்டுமென்றே அப்படிப் போட்டிருந்தது. பழைய இரண்டு இன்ஜின்களுக்கும் சக்கரப் பட்டை, அதாவது தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதி, அகலம்; அதனால் தாங்கிக்கொண்டன. புதிதாக வந்ததற்குப் பட்டை குறுகல், தண்டவாளத்துக்கு நடுவே இறங்கிவிட்டது. கதையில் சர் ஹேண்டல் அகலமான சக்கரம் மாட்டிக்கொண்டு பெருமையடிப்பானே, அந்த விஷயம் இங்கிருந்து வந்ததுதான்.

இதெல்லாம் கதாசிரியருக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே அங்கே வேலை பார்த்தவர். வில்பர்ட் ஆட்ரி ஒரு பாதிரியார். அம்மை கண்டு படுத்திருந்த மகனுக்குச் சொன்ன கதைகளில் தொடங்கியவர். 1952 கோடையில் இங்கே வந்து கார்டாகத் தொண்டு செய்தார். ஒருநாள் அவசரத்தில் விசில் ஊதி, சிற்றுண்டி விற்கும் அம்மாவை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். தான் செய்த அந்தத் தப்பை அப்படியே பீட்டர் சாம் தலையில் கட்டி 1955இல் புத்தகமாக்கினார். டவின் நிலையத்து அருங்காட்சியகத்தில் அவருடைய வாசிப்பறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். தவறாமல் பாருங்கள்.

வண்டி ஏழேகால் மைல் ஏற ஒரு மணி நேரம் போல ஆகும். இறங்கி வரும்போது அபெர்கினோல்வின் நிலையத்தில் நின்றோம். அங்கே தேநீர்க் கடை இருக்கிறது. பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்த கார்டுத் தாத்தாவிடம், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என் மகள் கேட்டாள்: “கடைக்கார ஆன்ட்டி ஏறிட்டாங்களா?”

அவர் சிரிக்கவில்லை. திரும்பிக் கடை வாசல்வரை நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “இன்றைக்கு அவர் இங்கேயே இருக்கிறாராம், நாம் போகலாம்” என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விசிலை வாயில் வைத்தார்.