சிறார் கைதுகள் இரட்டிப்பா? மொத்தக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்கள் ஊர்ப் பள்ளியின் பெற்றோர் குழுவில் இருக்கிறேன். "சிறார் கைதுகள் ஒரே ஆண்டில் இரட்டிப்பாகிவிட்டன, பள்ளிக்கு நிரந்தரமாக ஒரு போலீஸ் அதிகாரி வேண்டும்" என்று தீர்மானம் வருகிறது. குற்ற வகைவாரியாக ஓர் அட்டவணையும் தந்திருக்கிறார்கள். அதை எப்படிப் படிப்பது? வாக்களிக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: அட்டவணையின் அடியில் இருக்கும் மொத்தத்தை முதலில் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கொலைக்கும் ஒன்று, சிறாருக்கான இரவு ஊரடங்கு நேரத்தில் தெருவில் நின்றதற்கும் ஒன்று என்றுதான் அங்கே கூட்டியிருப்பார்கள். எந்த வகை கூடியது என்று தெரியாமல் மொத்தம் கூடியதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நாடு முழுவதற்குமான கணக்கே இதற்குச் சான்று. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கைதுகள் 1990-களின் நடுவில் ஆண்டுக்கு 25 லட்சத்தைத் தாண்டின. 2019-இல் அது ஏறத்தாழ 7 லட்சம். பெருந்தொற்று ஆண்டான 2020-இல் சுமார் 4.24 லட்சம். இப்படி மொத்தம் சரிந்துகொண்டே வந்தபோதும், 1993-இல் உச்சம் தொட்டு 2012 வாக்கில் அடிமட்டத்துக்கு வந்திருந்த கொலைக் கைதுகள் அதன் பிறகு மீண்டும் ஏறின. மொத்தத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஏற்றம் கண்ணில் பட்டிருக்காது.

கொலை, வழிப்பறி போன்ற கடும் குற்றங்களில் காவலர் கண்டுகொள்ளாமல் போவது அரிது. ஆகவே அந்த எண்கள் பிள்ளைகளின் நடத்தையை ஓரளவு நெருங்கிக் காட்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதின்ம வயதினர் பெரும்பாலும் கூட்டாகவே இறங்குவார்கள். மூன்று பையன்கள் சேர்ந்து ஒருவரிடம் செல்பேசியைப் பறித்தால் சம்பவம் ஒன்று, கைது மூன்று. அவர்களில் ஒருவன் ஆண்டுக்குள் இரண்டாம் முறை பிடிபட்டால் இன்னொரு கைது. சிறிய ஊரில் ஒரே ஒரு மாலை நேரச் சம்பவமே ஆண்டுக் கணக்கை இரட்டிப்பாக்கிவிடும். அதனால் கைது எண்ணிக்கையோடு சம்பவ எண்ணிக்கையையும் கேளுங்கள். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர் என்பதும் தெரிய வேண்டும். மக்கள்தொகை கூடியிருந்தால் எண்ணும் கூடத்தான் செய்யும். ஓர் ஆண்டை முந்தைய ஓர் ஆண்டோடு மட்டும் ஒப்பிட விடாதீர்கள், ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்.

சாதாரண அடிதடி, ஒழுங்கீனம், போதைப்பொருள், ஊரடங்கு மீறல் ஆகியவற்றின் கதை வேறு. இங்கே எண்ணை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் பெரியவர்களின் முடிவுதான். எச்சரித்து வீட்டுக்கு அனுப்புவதா, விலங்கு மாட்டுவதா என்பது அந்த இடத்தில் நிற்கும் காவலர் கையில் இருக்கிறது. பெண்பிள்ளைகளின் அடிதடிக் கைதுகள் 1990-களில் வேகமாக ஏறியபோது, பெண்கள் முரடாகிவிட்டார்கள் என்று பரவலாகப் பேசப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களிடமும் பிள்ளைகளிடமும் எடுத்த கருத்தாய்வுகளிலோ அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. குடும்ப வன்முறைப் புகார் வந்தால் கைது செய்தே ஆக வேண்டும் என்ற சட்டங்கள் பல மாநிலங்களில் வந்திருந்தன. தாய்க்கும் மகளுக்கும் வீட்டுக்குள் நடந்த சண்டைகள்கூட அதனால் கைதுக் கணக்கில் ஏறின. இந்த ஓர் உதாரணத்தை உங்கள் குழுவில் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது இன்னும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். 2020-இல் பள்ளிகள், கடைகள் மூடிக் கிடந்தன. அதை அடிப்படை ஆண்டாக வைத்தால் அதற்குப் பின் வரும் எதுவும் பெரிய ஏற்றமாகத்தான் தெரியும். நாடு முழுவதற்குமான குற்றக் கணக்கைத் திரட்டும் எஃப்.பி.ஐ., 2021 ஜனவரியில், மொத்த எண்களாக மட்டும் தொகுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, சம்பவம் சம்பவமாகப் பதியும் முறைக்கு மாறியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரக் காவல்துறைகளின் தரவே அந்த ஆண்டு வந்து சேரவில்லை. உங்கள் ஊரும் அந்தச் சமயத்தில் பதிவு முறையை மாற்றியதா என்று கேளுங்கள். வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளின் கைதுகளை எஃப்.பி.ஐ. 2010-லேயே சேகரிப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய மொத்தங்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசமும் கலந்திருக்கும்.

அவசர முடிவுகளின் விலை எனக்குக் கவலை தருவதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1990-களின் நடுவில், இரக்கமற்ற புதுத் தலைமுறைச் சிறார் குற்றவாளிகள் அலையாக வரப்போகிறார்கள் என்று கணித்தார்கள். 1992-க்கும் 1997-க்கும் இடையில் 45 மாநிலங்கள், சிறாரைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றுவதை எளிதாக்கின. வன்முறைக் கைதுகளோ 1994-இல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தன. அந்த அலை வரவே இல்லை. சட்டங்கள் மட்டும் நின்றன, அவற்றால் எத்தனையோ பிள்ளைகள் பெரியவர்களுக்கான சிறைக்குப் போனார்கள்.

இனி உங்கள் வாக்கு. கூடிய கைதுகளில் எத்தனை பள்ளி வளாகத்தில் நடந்தவை, எத்தனை வெளியே, எந்த நேரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். கூடியது இரவு நேர வழிப்பறி என்றால், காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும் அதிகாரி அதைத் தடுக்க முடியாது. கூடியது இடைவேளைச் சண்டைகள் என்றால், அவற்றை முன்பு தலைமையாசிரியர் அறையிலேயே தீர்த்தார்களா, எப்போதிருந்து காவல்துறைக்கு அனுப்புகிறார்கள் என்று விசாரியுங்கள். நிரந்தர அதிகாரி வந்தால், இன்று தலைமையாசிரியர் கையாளும் சண்டைகளில் சில நாளை கைதாகப் பதிவாக வாய்ப்பிருக்கிறது. அடுத்த ஆண்டு அட்டவணை அதனாலேயே இன்னும் ஏறலாம். எந்தெந்தச் செயலுக்கு அதிகாரி கைது செய்யக் கூடாது என்ற எழுத்துபூர்வ உடன்பாடு தீர்மானத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது வரும்வரை தீர்மானத்தை ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.