மெட்ரோனோம் வைத்துச் சாதகம்: கேள்வி பதில்

மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன் நான். வைத்த வேகத்தில் ‘டக் டக்’ என்று அடித்துக்காட்டும் மெட்ரோனோம் கருவி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கே: வயலினில் தொடக்கப் பாடமான சரளி வரிசை பழகுகிறேன். எந்த வேகத்தில் வைக்கலாம்?

ப: மூன்றாம் காலத்திலிருந்து, அதாவது நான்கு மடங்கு வேகத்திலிருந்து, யோசியுங்கள். 60இல் (நிமிடத்துக்கு 60 டக்) வைத்தால் முதல் காலத்தில் நொடிக்கு ஒரு ஸ்வரம், மூன்றாம் காலத்தில் நான்கு. அந்த நான்கும் சுத்தமாக விழவில்லையா? 50, 45 என்று இறக்குங்கள். சுத்தமாக வரும் வேகத்திலேயே மூன்று காலமும் வாசியுங்கள். நடுவில் மெட்ரோனோமைத் தொடக் கூடாது. வில்லை எடுக்கும் முன் இரண்டு ஆவர்த்தனமாவது (தாளத்தின் முழுச் சுற்று) கையால் தாளம் போட்டு வாயால் பாடுங்கள். கையில் தாளம் நிற்காதவர் மெட்ரோனோமை ஓடவிட வேண்டாம்.

கே: வீணைக்கு எந்த வேகம்?

ப: வயலினுக்குச் சொன்னதேதான்.

கே: ஆலாபனைக்கும் வைக்கலாமா?

ப: வேண்டாம். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது, சுருதி போதும்.

கே: தாத்தாவின் சாவி கொடுக்கும் மெட்ரோனோம் நொண்டுகிறது.

ப: மேசை சரிந்திருக்கிறதா பாருங்கள். மேல்ட்சல் என்பவர் 1815இல் காப்புரிமை வாங்கிய ஊசல் வகை அது. சாய்வாக இருந்தால் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் அடிக்கும். அடியில் காகிதத்தை மடித்து வைத்துச் சமமாக்குங்கள்.

கே: எங்கள் குரு கைத்தாளத்திலேயே கற்றுத்தந்தார். இயந்திரத்தோடு பழகினால் லயம் செத்துப்போகும். இதை ஏன் ஆதரிக்கிறீர்கள்?

ப: ஐயா, உங்கள் பயத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆதி தாளத்தின் எட்டு அடியையும் இயந்திரம் எண்ணிக்கொடுத்தால், பிள்ளை எண்ணுவதை விட்டுவிடும். அதனால் 60இல் பாடம் பிடிபட்டதும் 30க்கு மாற்றச் சொல்வேன். வேகம் அதேதான், ஒன்றுவிட்டு ஒன்றுதான் டக். நடுவில் வரும் அடி பிள்ளையின் பொறுப்பு. அப்புறம் அந்த டக்கை இரண்டாவது, நான்காவது அடிகளாக நினைத்து வாசிக்க வேண்டும். கடைசியில் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் அடியில், மட்டும் ஒன்று. எட்டு நொடி தனியாக நடந்து வந்து சேர வேண்டும். மிருதங்கத்தில் அடி மிகச் சரியாக விழுந்தால் டக் சத்தம் அதற்குள் மறைந்துவிடும். அதைக் கேட்ட மாணவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆனால் கைத்தாளம் மட்டுமே போதும் என்பதை ஏற்க மாட்டேன். இளவயதில் என் சாதகத்தைப் பதிவுசெய்து கேட்டேன். முடிவில் வரும் கோர்வை நெருங்க நெருங்க வேகம் கூடி ஓடியிருக்கிறேன், கூடவே கைத்தாளமும் ஓடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடினால் யாருக்குத் தெரியும்?

கே: (அதே பெரியவர்) அப்படியானால் கச்சேரியிலும் டக் வைப்பீர்களா?

ப: இல்லை ஐயா. அங்கே பாடகரின் காலப்பிரமாணம்தான், அதாவது அவர் பிடிக்கும் வேகம்தான். அவர் நகர்ந்தால் நானும் நகர்வேன். அவர் நகர்ந்தது தெரிய, நான் நிற்கும் இடம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் வீட்டில் மெட்ரோனோம்.

கே: கீபோர்டுக்கு எந்த வேகம்?

ப: மூன்றாவது முறை இதே கேள்வி. தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள். முதலில் கையில் தாளம்.

கே: வேகம் ஏற்றினால் மணிக்கட்டு வலிக்கிறது.

ப: இன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கே: மிச்ர சாபுக்கு எப்படி வைப்பது?

ப: அது ஏழு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட தாளம், ஏழுக்கும் சேர்த்து ஒரு டக். ‘தகிட தகதிமி’ என்று சொல்லிக்கொண்டே கையில் போடுங்கள். அது தடுமாறாமல் ஓடிய பிறகு வாத்தியத்தை எடுங்கள்.