அயோவாவில் ஒரு பழைய மனையின் ஆதி உரிமையாளர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய வீடு வாங்கியிருக்கிறீர்கள். அந்த மனை தொடக்கத்தில் யாருடையது என்று கேட்கிறீர்கள். அதே மாநிலத்தில் என் வீட்டு மனைக்கு இந்தத் தேடலைச் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ‘அப்ஸ்ட்ராக்ட்’, அதாவது மனையின் உரிமை வரலாற்றுச் சுருக்கக் கட்டு, யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். சொத்தின் உரிமையில் குறை தெரியவந்தால் இழப்பை ஈடுசெய்யும் ‘உரிமைக் காப்பீடு’ விற்பதை அயோவா சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் வேறு பல மாநிலங்களில் மறைந்துவிட்ட இந்தக் கட்டு இங்கே இன்றும் புழக்கத்தில் உள்ளது. நிலம் அரசிடமிருந்து தனியாருக்குப் போனதிலிருந்து நடந்த கிரயம், அடமானம், உயில், வழக்கு என எல்லாவற்றின் சுருக்கமும் அதில் வரிசையாக இருக்கும். தொலைந்த கட்டுக்குப் பதிலாகப் பிற்காலத்தில் தயாரித்தது என்றால் மட்டும் பழைய காலம் விடுபட்டிருக்கலாம்.

அப்படி விடுபட்டிருந்தால் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் வைத்துத் தேடாதீர்கள்; அவை மாறக்கூடியவை. ‘ஒரிஜினல் டவுன், பிளாக் 11, லாட் 6’ (லாட் என்றால் மனை) என்பது போலப் பத்திரத்தில் இருக்கும் விவரணையே மாறாமல் வரும். உங்களுக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார் என்று, வாங்கியவர் பெயர் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

சங்கிலி எங்கோ ஓரிடத்தில் அறும். பெரும்பாலும் அது ஒரு சாவு. தகப்பன் இறந்து பிள்ளைகளுக்குச் சொத்து போகும்போது கிரயப் பத்திரமே இருக்காது. கவுண்டி நீதிமன்றத்தின் உயில், வாரிசுக் கோப்புகளில்தான் அந்தக் கண்ணி கிடைக்கும். எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். பத்திரத்தில் வெறும் பெயராக இருந்தவருக்கு அங்கே மனைவி, மக்கள், கடன், மாடு, அடுப்பு எல்லாம் வந்துவிடும். பத்திரங்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். கணவன் விற்றால் மனைவியும் கையெழுத்திட்டுத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பார். வேறு எந்த ஏட்டிலும் பெயர் பதியாத பெண்கள் பலர் இங்கே மட்டும் தென்படுகிறார்கள். அவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், உரிமை வரலாறு என்பது ஆண்களின் பெயர்ப் பட்டியல் மட்டுமல்ல.

வீடு எப்போது எழுந்தது என்பதற்கு வரிப் பேரேடு உதவும்: மனையின் மதிப்பு திடீரென ஏறிய ஆண்டைப் பாருங்கள். சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் உங்கள் ஊருக்கு இருந்தால், கட்டடத்தின் வடிவம்கூடத் தெரியும். அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1890 மக்கள்தொகைக் கணக்கை நம்பிப் போகாதீர்கள். 1921 தீ விபத்துக்குப் பிறகு அதில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியது.

பின்னோக்கிப் போகப் போக, ஒரு நாளுக்கு முன்னால் லாட் எண் மறைந்துவிடும். ஊர் அமைத்தவர் வயலை மனைகளாகப் பிரித்து வரைபடத்தைப் பதிவு செய்த நாள் அது. அதற்கு முன் 6 மைல் சதுரமான டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர் என்ற கணக்குத்தான். 1785 நிலச் சட்டம் வகுத்த சதுரங்கள் இவை. செக்‌ஷன் எண் கிடைத்துவிட்டால், கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் தளத்தில் அரசு தனியாருக்குக் கொடுத்த முதல் பட்டாவின் படத்தையே பார்க்கலாம்.

அந்தப் பட்டாவை அவசரப்படாமல் படியுங்கள். அயோவா என்றதும் 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 160 ஏக்கரில் குடியேறிய உழவர்தான் பலரின் மனதில் வருகிறார். ஆனால் இங்கே மிகப் பெரும்பகுதி நிலம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது. பல பட்டாக்களில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒருவர், போரில் பணிபுரிந்ததற்காக நில வாரண்ட் (அரசு நிலம் பெறும் உரிமைச் சீட்டு) பெற்ற படைவீரர் அல்லது அவருடைய விதவை. மற்றவர், அந்த வாரண்டை விலைக்கு வாங்கி நிலத்தை எடுத்துக்கொண்டவர். அந்த வீரர் அயோவா மண்ணை மிதித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிலத்தை எடுத்தவரும் லாபத்துக்கு விற்க வாங்கிய தரகராக இருக்கலாம். உண்மையில் முதலில் குடியிருந்தவரைத் தேட, பட்டாவுக்கு அடுத்த இரண்டு மூன்று கிரயங்களையும் பாருங்கள்.

பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ‘முதல் உரிமையாளர்’ என்று அந்தத் தாளில் இருப்பவருக்கு முன்பும் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். கிழக்கு அயோவா என்றால், பிளாக் ஹாக் போருக்குப் பின் 1832 உடன்படிக்கையில் சாக், மெஸ்குவாக்கி பழங்குடி மக்களிடமிருந்து அரசு பெற்ற நிலமாக இருக்கக்கூடும். மெஸ்குவாக்கியர் 1857-இல் டாமா கவுண்டியில் 80 ஏக்கரைத் தங்கள் பணத்தில் விலைக்கு வாங்கித் திரும்பக் குடியேறினார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். உங்கள் செக்‌ஷன் எந்த உடன்படிக்கையின் எல்லைக்குள் வருகிறது என்பதைக் காட்டும் நில ஒப்படைப்பு வரைபடங்களும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்திலேயே உள்ளன. அந்த உடன்படிக்கையின் பெயரையும் ஆண்டையும் உங்கள் பட்டியலில் பட்டாவுக்கு மேலே முதல் வரியாக எழுதுங்கள்.