ஸ்பானிஷ் தெரியாமல் பயணம் போகிறவர் கையடக்க மொழிபெயர்ப்புக் கருவியை நம்பலாமா?

கேட்டவர் ஸ்பெயினுக்கும் அங்கிருந்து பெருவுக்கும் போகப் போகிறார். தெரிந்தது தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும்தான். பட்டனை அமுக்கிப் பேசினால் ஸ்பானிஷில் திருப்பிச் சொல்லும் கருவி ஒன்றை வாங்கலாமா, போனில் உள்ள செயலியே போதுமா என்பது அவருடைய கேள்வி.

வாங்கலாம். ஆனால் அதில் பேசும் விதத்தைப் பழகிக்கொண்டு போங்கள். நான் மறுபக்கத்தில் இருந்து சொல்கிறேன். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையில் எங்கள் வீட்டோடு சேர்த்துச் சில அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஸ்பெயினில் இருந்தும் ஆர்ஜென்டினா, மெக்சிக்கோ பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிலருக்கு ஆங்கிலம் எங்களை விடக் குறைவு. இந்தக் கருவியை வைத்துக்கொண்டுதான் எங்களோடும் தோட்டத்து ஆட்களோடும் பேசுகிறார்கள். எங்கே பேச்சு ஓடுகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பக்கத்திலேயே நின்று பார்த்து வருகிறேன்.

முதல் விஷயம், விரல். பேசி முடியும்வரை பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டிய கருவிகள்தான் இங்கே அதிகம் வருகின்றன. தமிழில் வினை கடைசியில் வருகிறது. இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் அதற்கும் கடைசியில். ஒருநாள் ஒரு ஸ்பானிய விருந்தாளி, தனக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாது, சம்பலில் இருக்கிறதா என்று கேட்டார். சமையலறையில் இருந்து வந்த அக்கா, "இதில் கச்சான் இல்லை" என்று சொல்லும்போதே பட்டனை விட்டுவிட்டார். 'இல்லை' கருவிக்குள் போகவில்லை. அந்த மனிதர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அப்புறம் மறுபடி சொல்லிப் புரியவைத்தோம். இதுவே தலைகீழாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால் பேசி முடித்து, ஒரு மூச்சு விட்டு, அதன் பிறகு விரலை எடுங்கள். திரையில் நீங்கள் சொன்னது தமிழில் எழுத்தாக வரும். அதை வாசித்துப் பார்க்காமல் கருவியை அடுத்தவரிடம் நீட்டாதீர்கள்.

ஒவ்வாமை, மருந்து, நோய் என்றால் கருவியை நம்பி நிற்கவே வேண்டாம். ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, புறப்படும் முன்பே ஓர் அட்டையில் எழுதி வாங்கிப் பணப்பையில் வையுங்கள்.

அடுத்தது, பேச்சுத் தமிழ். தம்பதென்னைப் பக்கம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். 1890இல் தாமஸ் லிப்டன் கட்டிய தேயிலை பெக்டரி அங்கே இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட ஒரு வயசான அம்மாவிடம் ஒரு ஸ்பானியப் பெண் கருவியைக் கொடுத்தார். அம்மா அதைப் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு, "இந்தப் புள்ளைக்கு எத்தன புள்ளைங்க?" என்றார். கேட்டது எதிரே நின்ற பெண்ணைத்தான். கருவியோ யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் விழித்தார். நான் கருவியை அம்மாவின் வாய்க்கு முன்னால் பிடித்து, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி, நாட்சம்பளம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள், தராசுக்காரர் கூப்பிடும்வரை. அந்த அம்மாவிடம் நேராக இப்படிப் பேசிய பயணிகள் மிகக் குறைவு. இந்தக் கருவிமேல் எனக்கு மதிப்பு வந்தது அதைப் பார்த்த பிறகுதான்.

ஆகவே நான், நீங்கள், அவர் என்று ஆளை விட்டுவிடாமல் சொல்லுங்கள். நாம் 'நாளைக்கு வரமுடியாது' என்றாலே யார் என்று நமக்குப் புரியும். ஸ்பானிஷில் வினையே ஆளுக்கு ஆள் மாறும்; ஆளைச் சொல்லாவிட்டால் கருவி தானே ஒருவரை ஊகித்துக்கொள்ளும். இன்னொன்று, இவற்றில் பல, தமிழை முதலில் ஆங்கிலமாக்கி அதிலிருந்துதான் ஸ்பானிஷுக்குப் போகின்றன. உங்களுக்கு ஆங்கிலத்தில் சிறு வாக்கியம் அமைக்க வருமென்றால் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். ஒரு கை மாறுவது குறையும்.

ஊர்ப் பெயரையும் விலையையும் வாயால் சொல்லவே வேண்டாம். எங்கள் பக்கத்து எல்ல என்ற ஊரை ஆங்கிலத்தில் Ella என்று எழுதினால், அந்த எழுத்துகள் ஸ்பானிஷில் 'அவள்' என்று பொருள்படும். அங்கே போக வேண்டும் என்று விருந்தாளி சொன்னால், ஏதோ ஒரு பெண்ணிடம் போக வேண்டும் என்று கருவி சொல்கிறது. வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டுவது மேல். விலையை எழுதும்போது நடுவில் கமா போடாதீர்கள். ஸ்பெயினில் கமாதான் தசமப் புள்ளி; 3,500 என்றால் மூன்றரை என்று வாசிக்கக்கூடும். வெறுமனே 3500 என்று எழுதினால் சண்டையில்லை.

சரி, போனா கருவியா? கருவியில் எனக்குப் பிடித்தது, தெரியாத ஒருவர் கையில் பயப்படாமல் கொடுக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கும் படங்களும் இருக்கிற போனைச் சந்தையில் யாரிடம் நீட்டுவீர்கள்? ஒலிபெருக்கியும் பெரும்பாலும் பலமாக இருக்கும். ஆனால் அநேகமானவை இணையம் இல்லாமல் முழுதாக வேலை செய்யாது. உள்ளே சிம் வைத்தே விற்கிற ஜப்பானின் பாக்கெட்டாக், போலந்தின் வாஸ்கோ போன்றவற்றுக்கும் சிக்னல் வேண்டும். எங்கள் பக்கத்து மலைமேல் உள்ள ஹோர்டன் சமவெளியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அங்கே போனவுடன் விருந்தாளிகள் கருவியைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். பெருவின் மலைப்பாதைகளுக்கும் இதை மனதில் வையுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ், ஸ்பானிஷ் இரண்டையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் தட்டச்சு செய்து காட்டலாம். அதனால் கருவி வாங்கினாலும் போனை விட்டுவிடாதீர்கள்.

கடையில் பெட்டியில் போட்டிருக்கும் மொழி எண்ணிக்கையைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். எழுத்துக்கு மட்டும் ஆதரவு உள்ள மொழியையும் அதில் சேர்த்துச் சொல்வதுண்டு. தமிழைக் கேட்கவும் பேசவும் செய்கிறதா என்று பாருங்கள். மொழித் தெரிவில் எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று கேட்டால், மத்ரித்தில் ஸ்பெயினையும் லிமாவில் தென்னமெரிக்காவுக்கு உள்ளதையும் தேர்ந்தெடுங்கள். 'இதில் இறைச்சி போட வேண்டாம்', 'நான் நாளைக்கு வர மாட்டேன்' என்று கடையிலேயே நின்று பேசி, வந்த ஸ்பானிஷைத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். எதிர்மறை அப்படியே திரும்பி வந்தால் வாங்கலாம்.