நிஸ்கா மக்களும் நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கும்: கேள்வி பதில்

கனடாவின் பூர்வகுடிகளுள் ஒருவரான நிஸ்கா மக்களைப் பற்றி வந்துள்ள கேள்விகளுக்கு இயன்றவரை பதில் எழுதுகிறேன். என் துறை மொழியும் வழக்காறும்; பயணம், விசா, குடியேற்றம் ஆகியவற்றை அவற்றை அறிந்தவர்களிடம் கேட்பதே நல்லது. தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். கேள்விகளில் பாதிக்கு மேல் ‘வாழ்ந்தார்கள்’, ‘பேசினார்கள்’ என்று எழுதப்பட்டுள்ளன. அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள், நிகழ்காலத்தில் கேளுங்கள்.

கேள்வி: இவர்கள் எங்கே வாழ்கிறார்கள்? சமூக அமைப்பு எப்படி?

பதில்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கில், அலாஸ்கா எல்லைக்கு அருகே பசிபிக் கடலில் கலக்கும் நாஸ் ஆற்றின் பள்ளத்தாக்கே அவர்களின் தாயகம். ஆற்றை அவர்கள் லிசிம்ஸ் என்கிறார்கள். ‘நாஸ்’ அண்டையிலுள்ள ட்லிங்கிட் மக்களின் சொல். கிட்லக்ஸ்டாமிக்ஸ், கிட்வின்க்ஸில்க்வ், லக்கல்ட்சாப், கிங்கோல்க்ஸ் என நான்கு ஊர்கள் உள்ளன. அண்டங்காக்கை, ஓநாய், கழுகு, ஓர்க்கா திமிங்கிலம் என நான்கு குலங்கள். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வார்கள், ஒரே குலத்துக்குள் மணவுறவு கிடையாது. ஒவ்வொரு குலத்திலும் ‘வில்ப்’ எனப்படும் இல்லங்கள் பல. வில்ப் என்றால் வீடு என்றே பொருள். ஆனால் அது நான்கு சுவர்களைக் குறிப்பதில்லை. ஒரு தாய்வழியையும், அவ்வழிக்குரிய நிலம், மீன்துறை, பெயர்கள், பாட்டுகள், கதைகள், தூண்கள் அனைத்தையும் சேர்த்தே குறிக்கிறது. இந்தச் சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்வரும் பதில்களில் பெரும்பாலானவை இதற்கே திரும்பி வரும்.

கேள்வி: அண்டங்காக்கைக் குலத்தின் பெயர் ‘கனாடா’ என்று படித்தேன். நாட்டின் பெயர் அதிலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. நாட்டின் பெயர், கிழக்கே வழங்கிய ஓர் இரோக்குவோயப் பூர்வகுடி மொழியில் ஊரைக் குறிக்கும் ‘கனாட்டா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி: மீன் நெய் எடுப்பதாகச் சொல்கிறார்களே, அது என்ன?

பதில்: இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி. ஊலிக்கன் என்பது ஒரு சாண் நீளமுள்ள வெள்ளி நிற மீன். நிஸ்கா மொழியில் ‘சாக்’. குளிர்காலச் சேமிப்பு தீரும் வேளையில், மார்ச் மாதத்தை ஒட்டிக் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆற்றில் ஏறி வருவதால், உயிர் காக்கும் மீன் என்று அதைப் போற்றுகிறார்கள். உலர்ந்த மீனில் தீ வைத்தால் மெழுகுவத்தியைப் போல் நின்று எரியும், அவ்வளவு கொழுப்பு. பிடித்த மீனைக் குழிகளிலோ பெட்டிகளிலோ சில நாள் பதமாக விட்டு, பிறகு பெரிய தொட்டியில் நீரைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் வைத்து மீனை இட்டுக் கிளறுவார்கள். மேலே மிதந்து வரும் நெய்யை மெல்ல வழித்தெடுத்து வடிகட்டுவார்கள். ஆறியதும் வெண்ணெய் போல் உறையும். உலர்ந்த மீனையும் கிழங்கையும் அதில் தோய்த்து உண்பார்கள். உள்நாட்டு மக்களுடன் இந்த நெய்யை மாற்றிக்கொள்ளச் சென்ற மலைப்பாதைகளுக்கு நெய்ப்பாதைகள் என்றே பெயர். பிப்ரவரியை ஒட்டிக் கொண்டாடும் ஹோபியே புத்தாண்டும் இதனோடு இணைந்தது: இளம்பிறை அகப்பையைப் போல் நிமிர்ந்திருந்தால் அவ்வாண்டு வளம் பெருகும் என்று கொள்கிறார்கள்.

கேள்வி: எரிமலையைப் பற்றிய கட்டுக்கதையைச் சொல்லுங்கள்.

பதில்: கட்டுக்கதை என்று எழுதாதீர்கள். அவர்கள் ‘அதாவக்’ என்பது இல்லத்தின் வரலாறு. அதைச் சொல்லும் உரிமை அந்த இல்லத்துக்கு உண்டு. பொதுவெளியில் அவர்களே சொல்லியிருக்கும் அளவை மட்டும் நானும் சொல்கிறேன். சிறுவர்கள் சிலர் ஆற்றில் மீன்களைப் பிடித்து, முதுகைக் கீறி, அவை தடுமாறி நீந்துவதைப் பார்த்து விளையாடினார்கள். பெரியவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. பின்னர் மலை தீக்கக்கியது. ட்சீயாக்ஸ் எரிமலை 18ஆம் நூற்றாண்டு வாக்கில் வெடித்ததை நிலவியலாளரும் உறுதி செய்கிறார்கள். தீக்குழம்பு ஊர்களை மூடியது, ஆற்றின் போக்கையே தள்ளிவைத்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள் என்பது நிஸ்கா மக்களின் கணக்கு. இன்று அந்தக் கருங்கல் வெளியின்மேல் சாம்பல் நிறக் கற்பாசி படர்ந்திருக்கிறது. அது நினைவிடம், கல்லை எடுத்துவரலாமா என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: தூண்களைத் தெய்வமாக வணங்கினார்களா?

பதில்: வணங்குவதில்லை. இதே கேள்வியை மூவர் கேட்டுள்ளதால் மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தூண் என்பது ஓர் இல்லத்தின் சின்னங்களும் முன்னோரும் செதுக்கப்பட்ட, சீடர் (cedar) எனப்படும் ஊசியிலை மரம். நிமிர்ந்து நிற்கும் உரிமைப் பத்திரம் என்று கொள்ளலாம். அதை நாட்டும்போது விருந்து நடக்கும். விருந்துக்கு வந்தவர்களே சாட்சிகள். சாட்சிகளுக்குப் பரிசு கொடுத்தால்தான் நடந்தது செல்லும்.

கேள்வி: எடின்பரோ அருங்காட்சியகம் ஒரு தூணைத் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி. அதை அவர்கள் விலை கொடுத்து வாங்கியவர்கள். பிறகு திருட்டு என்பது எப்படி?

பதில்: அது நீஸ்ஜோல் இல்லத்தின் நினைவுத் தூண், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், தலைமைக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் போரில் மாண்டவருமான ஒருவருக்காக நாட்டப்பட்டது, உயரம் சுமார் 11 மீட்டர். 1929இல், மக்கள் பருவகால உணவு தேடி ஊரைவிட்டுச் சென்றிருந்த வேளையில், மாரியஸ் பார்போ என்னும் இனவரைவியலாளர் அதை எடுத்துச் சென்று ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்துக்கு விற்றார். அருங்காட்சியகம் பணம் கொடுத்தது உண்மை. பணம் பெற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதே கேள்வி. ‘அயூக்’ எனப்படும் நிஸ்கா சட்டப்படி தூண் இல்லத்தின் உடைமை. இல்லத்தைச் சேர்ந்த ஒருவரே முன்வந்திருந்தாலும், விருந்தும் சாட்சியும் இல்லாமல் அது கைமாறாது.

அதே வாசகர்: இன்றைய அளவுகோலால் அன்றைய செயலை அளக்கிறீர்கள்.

பதில்: இல்லை, அன்றைய அளவுகோலால்தான் அளக்கிறேன். 1929இல் அந்தப் பள்ளத்தாக்கில் அயூக் நடைமுறையில் இருந்தது. வந்தவர்கள் அதைச் சட்டமாக எண்ணவில்லை, அவ்வளவே. மறுபுறம் கனடாவின் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பாருங்கள். 1885 முதல் 1951 வரை இத்தகைய விருந்துகளுக்குத் தடை இருந்தது. 1927 முதல், நில உரிமை வழக்குக்காகப் பணம் திரட்டுவதும் குற்றமாக்கப்பட்டது. சாட்சி சொல்லும் சபையையும் மூடி, வழக்காடும் வாயிலையும் அடைத்துவிட்ட காலத்தில், ‘அப்போது எதிர்ப்பு வரவில்லையே’ என்று சொல்வது நியாயமாகாது.

வேறொரு வாசகர்: அங்கேயே நின்றிருந்தால் மட்கியிருக்கும். காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டாமா?

பதில்: மட்கியிருக்கலாம். ஒரு தூண் தன் காலம் முடிந்து மண்ணில் சாய்வது அந்த மரபில் இழிவன்று. அதை நிறுத்திவைப்பதா, சாயவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டியது அந்த இல்லமே. 2022இல் இல்லத்தார் எடின்பரோ சென்று கேட்டார்கள், அருங்காட்சியகம் இசைந்தது, 2023 செப்டம்பரில் கனடா விமானப்படை விமானத்தில் தூண் தாயகம் வந்து சேர்ந்தது. இப்போது லக்கல்ட்சாப்பில், 2011இல் திறக்கப்பட்ட நிஸ்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இசைந்து கொடுத்த எடின்பரோவின் செயலையும் மதிக்கிறேன். இது பற்றி வந்த ஏனைய பதினொரு கேள்விகளும் இவற்றுக்குள் அடங்கிவிட்டதால் மீண்டும் எழுதவில்லை.

கேள்வி: அரசு அவர்களுக்கு நிலம் கொடுத்ததா?

பதில்: ‘கொடுத்தது’ என்ற சொல்லே பிழை. 1887இல் தலைவர்கள் மாகாணத் தலைநகரான விக்டோரியாவுக்குச் சென்று தங்கள் நில உரிமையை ஏற்கும்படி கேட்டபோது திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1973இல் நிஸ்கா தலைவர் பிராங்க் கால்டர் பெயரில் நடந்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏழு பேரில் ஆறு பேர் பூர்வகுடி நில உரிமை என ஒன்று சட்டத்தில் இருந்ததை ஏற்றார்கள். அது இன்னும் நீடிக்கிறதா என்பதில் மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்தார்கள். ஏழாமவர் நடைமுறைக் காரணத்தால் வழக்கைத் தள்ளியதால் நிஸ்கா தரப்பு தோற்றது. ஆயினும் அத்தீர்ப்பே கூட்டாட்சி அரசைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தது. 2000 மே 11இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலமும் தன்னாட்சியும் உறுதியாயின. அது அவர்கள் உரிமை கோரிய பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அவர்கள் மொழியில் ‘நீ’ என்பதற்கு ‘நீன்’ என்கிறார்களாமே. தமிழோடு உறவுள்ள மொழிதானே?

பதில்: உறவில்லை. ‘நான்’ என்பதற்கு நீய், ‘நீ’ என்பதற்கு நீன், ‘அவர்’ என்பதற்கு நித். மூன்றிலும் முற்பகுதி பொதுவானது. முன்னிலையைக் காட்டுவது கடைசியில் வரும் ‘ன்’ மட்டுமே. நம் ‘நீ’ ஒத்திருப்பதாகத் தோன்றும் இடத்தில் முன்னிலைப் பொருளே இல்லை. தமிழில் வினை இறுதியில் வரும். நிஸ்காவில் முதலில் வரும். அது கிட்க்ஸான், கடற்கரை சிம்ஷியன் மொழிகளின் உடன்பிறப்பு. ஒற்றைச் சொல்லை வைத்து உறவு கட்டாதீர்கள் என்று எப்போதும் சொல்லிவருகிறேன்; இதே வகையில் வந்த மற்ற ஐந்து சொற்களுக்குப் பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி: ஊர்ப் பெயர்களில் ‘ஹெச்’, ‘எல்’ என இரண்டெழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்களே, எப்படி ஒலிப்பது?

பதில்: நல்ல கேள்வி. ‘ல்’ சொல்ல நாக்கை மேலே ஒட்டுங்கள். நாக்கை எடுக்காமல், குரலையும் எழுப்பாமல், மூச்சை மட்டும் நாக்கின் இரு ஓரங்களிலும் ஊதுங்கள். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியக் கூடாது. சரளமாகப் பேசுவோர் இன்று சில நூறு பேரே. பள்ளிகளிலும், 1993இல் தொடங்கிய அவர்களின் உயர்கல்வி நிறுவனத்திலும் பிள்ளைகள் இந்த ஒலியைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.